நிழலில் வளர்க்கும் அழகுக் கோரை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

சென்ற ஆடியில் அடுத்த வீட்டுச் சேச்சி ஒரு கோரைத் தூரைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் கணக்கில் அது கர்க்கடக மாதம். நாலு நாளாக மழை விடவில்லை. "எந்த மருந்தை அடிக்க வேண்டும் என்று மட்டும் சொல். மிளகுக்கு வாங்கிய துரிசு மிச்சம் இருக்கிறது, அது போதுமா?" என்றார். மயில்துத்தத்துக்கு மலையாளத்தில் துரிசு என்று பெயர்.

தூரின் நடுவிலிருந்து ஓர் இலையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். வெண்ணெயில் செருகிய ஊசி போல உருவிக்கொண்டு வந்தது. அடிப்பகுதி பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் அடைபட்ட சாக்கடை வாடை. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்ததும் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே இருந்த நரம்பு மட்டும் நூலாகக் கையில் நின்றது. "சேச்சி, இது மருந்தில் தீராது. செடி தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறது" என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. மருந்து சொல்லாத வைத்தியரை யாருக்குத்தான் பிடிக்கும்.

எங்கள் வீடு நீலகிரியில், கேரள எல்லையோரத்து நாடுகாணியில். ஒரு பக்கம் மலைப்பாதையில் இறங்கினால் வழிக்கடவு, நிலம்பூர். மறுபக்கம் தேவாலா, பந்தலூர் வழியாக வயநாடு. உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். தேவாலா தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. தேயிலைக்கும் காப்பிக்கும் நட்ட சில்வர் ஓக் மரங்களால் நிழலுக்குப் பஞ்சமே இல்லை. நிழலில் நிற்கும் பசுமை மாறாத கோரை என்று எழுதப்பட்ட குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் எழுதியவை. அவர்களுடைய கவலை பனியும் கடுங்குளிரும். இங்கே நிழல் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை சொட்டச் சொட்ட ஈரம். ஜனவரி முதல் மார்ச் வரை, அதே மரத்தடியில், அதே மண்ணில், பொட்டல் வறட்சி. ஒரே செடிக்கு ஆடியில் மூச்சு முட்டுகிறது, மாசியில் நாக்கு வறள்கிறது. நான் பார்த்த கோரைச் சாவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றால் வந்தவை. பூச்சியும் பூஞ்சாணமும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டவை.

இங்கே பேசுவது கேரெக்ஸ் என்ற பேரினத்தைப் பற்றி. உலகில் ஏறத்தாழ 2,000 சிற்றினங்கள் உள்ள பெரிய பேரினம் அது. தோட்டத்தில் அதிகம் புழங்குவது ஜப்பானிய ஓஷிமென்சிஸ். நடுவில் பாலேட்டு மஞ்சள் கோடும் ஓரத்தில் பச்சையும் இருந்தால் எவர்கோல்டு. ஓரம் வெள்ளை, நடு பச்சை என்றால் எவரெஸ்ட். முழு இலையும் எலுமிச்சை மஞ்சள் என்றால் எவரில்லோ. ஐஸ் டான்ஸ் என்று விற்பது மொரோவி என்ற இன்னொரு ஜப்பானிய இனம். மெல்லப் பக்கவாட்டில் படரும். எல்லாம் முழங்காலுக்குக் கீழ் நிற்பவை.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

இலையைப் பார்ப்பதற்கு முன் மண்ணைப் பாருங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். பிறகு நடுக்குருத்து ஒன்றை இழுத்துப் பாருங்கள். நல்ல செடி விடாது, இலைதான் அறும். மூன்றாவதாக, தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நிலத்தில் இருந்தால் ஓரமாக ஒரு கை அளவு மண்ணை விலக்கினால் போதும். வெள்ளையாகவோ இளம்பழுப்பாகவோ விறைப்பாக இருந்தால் வேர் நலம். கருத்து, மசிந்து, வாடை வீசினால் நலமில்லை. இந்த மூன்றையும் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது. ஆனாலும் எல்லோரும் இலையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு மருந்துப் பெயர் கேட்கிறார்கள்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கோரை இலையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காப் பற்கள் உண்டு. அறுத்தது உடனே தெரியாது. சோப்புப் போடும்போது தெரியும்.

இன்னொன்று, உங்களிடம் இருப்பது கோரைதானா? ஒரு நாற்றுப்பண்ணையில் எவர்கோல்டு என்று நான் வாங்கிவந்த பன்னிரண்டு தொட்டிகளில் நான்கு கோரையே அல்ல. பூத்தண்டு கிடைத்தால் அதை விரலிடையில் உருட்டிப் பாருங்கள். கோரைத் தண்டு முக்கோணம், உள்ளே கெட்டி, கணு இல்லை. புல் தண்டு உருண்டை. பெரும்பாலும் உள்ளே குழல், இடையிடையே கணு. தண்டு இல்லாத காலத்தில் ஒரு கிளைக்கன்றை மேலிருந்து பாருங்கள். மூன்று திசையில் இலை விரிந்தால் கோரை. இரண்டே திசையில், விசிறியை மடக்கியதுபோலத் தட்டையாக அடுக்கியிருந்தால் இலையைக் கசக்கி முகருங்கள். வசம்பு மணம் வந்தால் அது குட்டை வசம்புச் சாதி. அதன் வைத்தியம் வேறு, அதற்குத் தேங்கும் ஈரம் பிடிக்கும். என்னை ஏமாற்றி விற்ற அந்த நான்கும் அந்த வருட மழையில் அசராமல் நின்றன.

குருத்து கையோடு வருகிறது, தூர் கருத்துச் சரிகிறது

இதுதான் ஆடி மாத நோய். சேச்சியின் தூருக்கு வந்ததும் இதுவே. பெயர் வேரழுகல், தண்டடி அழுகல். பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நீர்விரும்பி நுண்ணுயிர்கள் செய்யும் வேலை. மிளகில் வாடல் நோய் கொண்டுவரும் கூட்டமும் இவற்றின் உறவுதான் என்பதால் இந்தப் பக்கத்து மண்ணில் இவற்றுக்குக் குறைவில்லை. ஆனால் வேர் மூச்சுவிட இடம் இருக்கும்வரை இவை பெரிதாக எதுவும் செய்துவிடுவதில்லை.

எங்கே தண்ணீர் நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நம் மண் மேலே பொலபொலவென்று சிவப்பாகத் தெரியும். ஒரு முழம் தோண்டினால் செம்பூராங்கல் போல இறுகிய அடுக்கு வரும். மேலே விழும் மழை அந்த அடுக்குவரை இறங்கி, வழியில்லாமல் அங்கேயே நிற்கும். ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி வெட்டி நீரூற்றுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி மணி பாருங்கள். நாலு மணி நேரம் கழித்தும் தண்ணீர் கண்ணாடிபோல நின்றால் அந்த இடத்தில் கோரையை நேராகத் தரையில் நடாதீர்கள்.

அங்கே மேட்டுப்பாத்திதான் வழி. எட்டு அங்குலம் உயர்த்தினால் போதும். மண்ணில் பாதி, மக்கிய இலையுரம் கால்பங்கு, கல்தூளோ பொடிச்சரளையோ கால்பங்கு. பாத்தியின் அடியில் சரளை பரப்பினால் நீர் வடியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். மண்ணுக்குக் கீழே சட்டென்று சரளை வந்தால், மண் முழுக்க ஊறிய பிறகே நீர் கீழே இறங்கும். வேர் இருக்கும் இடம் இன்னும் ஈரமாகவே நிற்கும். சரளையை மண்ணோடு கலப்பதே சரி. தொட்டிக்கும் இதே விதி. அடியில் ஓட்டுச்சில்லை அடுக்குவதைவிட இன்னும் இரண்டு துளை போடுவது நல்லது.

நட்ட ஆழத்தையும் பாருங்கள். இலைகள் கிளம்பும் கழுத்து மண்மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே தெரிய வேண்டும். சில்வர் ஓக் சருகு இதில் பெரிய எதிரி. பறவை இறகு போன்ற அந்த இலைகள் கோரைத் தூருக்குள் ஒன்றோடொன்று பின்னிப் பாய்போல அமர்ந்துவிடும். மழையில் ஊறிக் கழுத்தை மூடும். ஜூன் தொடங்கும் முன் ஒருமுறை, மழைக்கு நடுவே வெயில் காட்டும் நாளில் ஒருமுறை, தூரைக் கையால் கோதிச் சருகை வெளியே எடுங்கள்.

அழுகிய தூரைக் காப்பாற்ற முடியுமா? பாதிக்குமேல் கருத்திருந்தால் முயற்சி வேண்டாம், செடியையும் அதன் மண்ணையும் தோட்டத்துக்கு வெளியே போட்டுவிடுங்கள். ஓரத்தில் வெள்ளை வேருடன் நாலு கன்று இருந்தால் அவற்றைப் பிரித்து, ஓடும் நீரில் கழுவி, புதுக்கலவையில் சிறு தொட்டிகளில் நட்டு மழை நேரடியாக விழாத தாழ்வாரத்தில் வையுங்கள். கலவையில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைச் சேர்க்கலாம். துரிசும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவை ஊற்றுபவர்கள் இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். செம்பு அந்த நல்ல பூஞ்சாணத்தையும் சேர்த்துக் கொன்றுவிடும். இரண்டு வார இடைவெளி கொடுங்கள். சேச்சி கடைசியில் துரிசை மிளகுக்கே வைத்துக்கொண்டார். அவருடைய தூரில் தேறியது ஐந்து கன்று.

நுனி கருகுகிறது

ஜனவரியிலிருந்து வரும் புகார் இது. இலை நுனியில் வைக்கோல் நிறத்தில் ஒரு விரற்கடை காய்ந்திருக்கும்; அதற்குக் கீழே இலை பச்சையாகவே நிற்கும். காரணம் மூன்றில் ஒன்று.

மண்ணில் விட்ட விரல் காய்ந்து வந்தால் தண்ணீர்ப் பஞ்சம். மரத்தடி நிழலாயிற்றே, ஈரம் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். சில்வர் ஓக்கும் யூகலிப்டசும் தங்கள் வேரால் மேல்மண் ஈரத்தை உறிஞ்சிக் குடித்துவிடுகின்றன. மாசி மாதத்தில் வெயிலடிக்கும் முற்றத்தைவிட மரத்தடி மண் வறண்டிருப்பதை நானே தோண்டிப் பார்த்திருக்கிறேன். தினமும் தெளிப்பதைவிட வாரம் இருமுறை நன்றாக இறங்கும்படி ஊற்றுங்கள். காப்பிச் சருகை இரண்டு அங்குலம் பரப்புங்கள், கழுத்தை விட்டுவிட்டு. மே கடைசியில் அந்த மூடாக்கைக் கழித்துவிட வேண்டும். மாசியில் மருந்தாக இருப்பது ஆடியில் நஞ்சாகிவிடும்.

தொட்டியில் தண்ணீர் ஊற்றியதும் உடனே அடியில் வழிந்துவிட்டால் அது குடித்த தண்ணீர் அன்று. வேர் நிறைந்து இறுகிய பந்துக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே ஓடிப்போன தண்ணீர். தொட்டியோடு வாளியில் அமிழ்த்திக் குமிழி நிற்கும்வரை வையுங்கள். அடுத்த புரட்டாசியில் தூர் பிரிக்க வேண்டிய செடி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் நுனி கருகினால் உப்பைச் சந்தேகியுங்கள். இதில் நான் சூடுபட்டவன். தேங்காய் நார்க்கழிவுக் கட்டிகளை வாங்கி, ஊறவைத்த கையோடு நிரப்பி, முப்பது கன்றுகளை நட்டேன். மூன்று வாரத்தில் எல்லா இலைகளும் ஒரே அளவில் நுனி கருகின, யாரோ ஊதுபத்தியால் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போனதுபோல. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் உண்டு. கடற்கரைப் பக்கம் காயலின் உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையானால் கேட்கவே வேண்டாம். கேரளத்திலிருந்து மலையேறி வரும் கட்டிகள் எந்தத் தண்ணீரில் ஊறியவை என்று உறையில் எழுதியிருக்காது.

கழுவுவது எளிது. 650 கிராம் கட்டி ஊறினால் எட்டு லிட்டர் அளவுக்கு உப்பும். ஒரு பெரிய வாளியில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் கோணியில் கொட்டிப் பிழியுங்கள். முதல் தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் வரும். மறுபடி நீரூற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பிழியுங்கள், மறுபடியும் ஒருமுறை. மூன்றாம் தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்தால் போதும். நாவில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு, உங்களுக்கு வேண்டாம். காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்றால், கழுவிய கட்டி, இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 0.5க்குக் கீழ் என்று அச்சிட்டு விற்பதை வாங்கலாம்.

ஏற்கெனவே நட்டாயிற்று என்றால் தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி வடியவிடுங்கள். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. புதிதாக வரும் இலையைப் பாருங்கள். அது சுத்தமாக வந்தால் பிழை தீர்ந்தது.

மூன்றாவது காரணம் உரம். கோரைக்குப் பசி குறைவு. வருடத்துக்கு ஒருமுறை தூருக்கு இரண்டு கை மண்புழு உரம் போதும். தேயிலைக்கு வாங்கிய யூரியாவில் ஒரு பிடி அள்ளிப் போடுவது அன்பாகத் தோன்றலாம், செடிக்கு அப்படித் தோன்றுவதில்லை.

மஞ்சளிக்கிறது

எவரில்லோ மஞ்சளாக இருந்தால் அது அதன் குணம். பச்சை இனம் மஞ்சளித்தால் எந்த இலை என்று பாருங்கள். கீழே இருக்கும் பழைய இலைகள் முதலில் வெளுத்தால் தழைச்சத்து மழையில் கரைந்து போயிருக்கிறது. மழை ஓய்ந்ததும் மண்புழு உரம் போடுங்கள். மழைக்கு நடுவே போட்டால் அதுவும் ஓடைக்குத்தான் போகும்.

புதுக்குருத்து வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். எங்கள் மண் புளிப்பு மண், இரும்புக்குக் குறைவில்லாத செம்மண். இங்கே இது வரவே கூடாது. வந்தால் சுற்றும் முற்றும் பாருங்கள். புதிதாகப் பூசிய சுவர், சிமெண்ட் கலவை கொட்டிய இடம், வெள்ளையடித்த மிச்சச் சுண்ணாம்பைக் கழுவி ஊற்றிய மூலை, ஏதாவது ஒன்று இருக்கும். சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை முறித்துவிட்டால் இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. செடியைச் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி நடுவது இரும்பு மருந்து வாங்குவதைவிட மலிவு.

கோடு மறைந்து வெறும் பச்சையாகிறது

இரண்டு வேறு சங்கதிகள் ஒரே தோற்றத்தில் வருகின்றன. தூர் முழுவதும் மங்கினால் நிழல் அதிகம். மேலே ஒரு கிளையைக் கழித்து, காலை வெயில் ஒரு மணி நேரம் சாய்வாக விழும்படி செய்யுங்கள். எவரில்லோவில் இது நன்றாகத் தெரியும். அடர்நிழலில் இளம்பச்சை, வெளிச்சத்தில் மஞ்சள். உச்சிவெயில் மட்டும் படவே கூடாது, வெளிர்ப்பகுதி முதலில் பொசுங்கும்.

தூரில் ஒரு பக்கம் மட்டும், நாலைந்து கன்றுகள் முழுப் பச்சையாக, மற்றவற்றைவிட உயரமாகக் கிளம்பினால் செடி தன் பழைய குணத்துக்குத் திரும்புகிறது. பச்சையம் அதிகமுள்ள கன்று வேகமாக வளரும். விட்டால் இரண்டு மூன்று வருடத்தில் கோடுபோட்ட கன்றுகளை மூடிவிடும். இலையை வெட்டிப் பயனில்லை. அந்தக் கன்றை வேரோடு பிடுங்குங்கள்.

செடி பழுப்பாக நிற்கிறது, செத்துவிட்டதா?

வாங்கும்போதே பழுப்பா என்று யோசியுங்கள். நியூசிலாந்திலிருந்து வந்த புக்கனானி, கோமன்ஸ், ஃப்ளாஜெல்லிஃபெரா போன்ற இனங்களுக்குச் செம்பு நிறமே இயற்கை. ஓர் இலையை விரலில் சுற்றிப் பாருங்கள். வளைந்தால் உயிர், அப்பளம்போல முறிந்தால் இல்லை. அடியில் கீறினால் உள்ளே வெளிறிய பச்சை ஈரம் தெரிய வேண்டும். என் வீட்டில் களையெடுக்க வந்த அண்ணன் இரண்டு தூரைக் காய்ந்த புல் என்று பிடுங்கி எரிகுழியில் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த இனங்கள் வெயில் கேட்பவை. எங்கள் ஈர நிழலுக்கு இவற்றைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நடுவில் வழுக்கை, ஓரத்தில் மட்டும் இலை

நாலு வயதுக்கு மேல் ஆன தூருக்கு இது முதுமை. குருத்தை இழுத்தால் வருகிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். வராவிட்டால் அழுகல் இல்லை, தூர் பிரிக்கும் காலம்.

எப்போது பிரிப்பது என்பதில் எனக்கும் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் ஓயாத வாக்குவாதம். மழை தொடங்கும் ஜூனில் எதை ஊன்றினாலும் பிழைக்கும் என்பது அவர்கள் கட்சி. மரக்கன்றுக்குச் சரி. கோரையில் வெட்டுப்பட்ட கழுத்து அறுபது நாள் மழையில் நனைந்தால் அழுகல் அந்தக் காயத்தின் வழியாகவே நுழையும். நான் புரட்டாசியில் பிரிக்கிறேன். பெருமழை ஓய்ந்திருக்கும், ஐப்பசியில் இன்னும் நாலு மழை உண்டு, வேர் பிடிக்க வறட்சிக்கு முன் மூன்று மாதம் கிடைக்கும். தவறவிட்டால் காப்பி பூக்கும் கோடைமழைக்குப் பின், ஏப்ரலில்.

முதல் நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தூரைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி முழுப் பந்தாகத் தூக்குங்கள். கையால் பிய்ந்தால் நல்லது. பிய்யாவிட்டால் பல்வைத்த பழைய கத்தியால் மேலிருந்து கீழாக அறுங்கள். வழுக்கையான நடுப்பகுதியைத் தூக்கி எறியுங்கள், மனம் வராவிட்டாலும். ஓரத்துத் துண்டு ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்துக் கன்றாவது இருக்கட்டும். ஒன்றிரண்டு கன்றாகப் பிரித்தால் எண்ணிக்கை கூடும், பிழைப்பது குறையும். இலையை மூன்றில் ஒரு பங்கு கத்தரித்து, பழைய ஆழத்திலேயே நட்டு, இரண்டு வாரம் முழுநிழல் கொடுங்கள்.

கத்தரித்த பிறகு துளிர்க்கவில்லை

எலுமிச்சைப் புல்லை அறுப்பதுபோல அடியோடு அறுத்திருப்பீர்கள். பசுமை மாறாத கோரை அப்படி மீண்டு வராது. வந்தாலும் ஒரு வருடம் குச்சியும் கட்டையுமாக நிற்கும். காய்ந்த இலையைக் கையுறைக் கையால் அடியிலிருந்து மேலாகக் கோதினால் தானே வந்துவிடும். மிகவும் அலங்கோலமாகிவிட்டால் பாதி உயரத்துக்குமேல் மட்டும் வெட்டுங்கள். அறுத்தாயிற்று என்றால் உரம் போடாமல், ஈரம் குறையாமல், பொறுமையாக இருப்பதைத் தவிர வழியில்லை.

வளரவும் இல்லை, சாகவும் இல்லை. எறும்பு மட்டும் ஓடுகிறது

தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். வேர்ப்பந்துக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையே கோலமாவு தூவியதுபோல வெண்பொடி இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. பூஞ்சாணத்திலிருந்து பிரித்தறிய ஒரு துணுக்கை உள்ளங்கையில் வைத்து லென்சால் பாருங்கள். அரிசிக் குருணையைவிடச் சிறிய, மெல்ல நகரும் உடல் தெரியும். எறும்பு இவற்றின் தேன்கழிவுக்காக இவற்றைத் தொட்டிக்குத் தொட்டி கொண்டுபோகும். மேலிருந்து அடிக்கும் எதுவும் இவற்றைத் தொடாது. மண் முழுவதையும் உதறி, வேரைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்ப எண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்ததில் பத்து நிமிடம் அமிழ்த்துங்கள். புது மண், வெந்நீரில் கழுவிய தொட்டி. பத்து நாள் கழித்து மறுபடி கவிழ்த்துப் பார்க்க வேண்டும், முட்டை மிச்சமிருக்கும்.

கடித்திருக்கிறது, தோண்டியிருக்கிறது

இளங்குருத்து ஓரமெல்லாம் அரிக்கப்பட்டு, பளபளக்கும் கோழைத்தடம் இருந்தால் நத்தை. பெரிய ஆப்பிரிக்க நத்தை கேரளத் தோட்டங்களில் பெருகி, இந்தப் பக்கமும் சிரமம் கொடுக்கிறது. இரவு ஏழு மணிக்கு மேல் ஈரக்கோணியைப் பாத்தி ஓரம் விரித்து, அடியில் பப்பாளித் தோல் வையுங்கள். விடியற்காலை கோணியைப் புரட்டி, கையுறையோடு பொறுக்கி உப்புநீர் வாளியில் போடுங்கள். உப்பைப் பாத்தியிலேயே தூவுபவர்கள் நுனி கருகல் பகுதிக்குத் திரும்பிப் போகவும்.

தூர் முழுசாகப் புரட்டிப் போடப்பட்டிருந்தால் காட்டுப்பன்றி. அதற்குக் கோரை வேண்டாம். ஈரமண்ணில் இருக்கும் புழுவும் கிழங்கும் வேண்டும். காலையிலேயே பார்த்து மறுபடி ஊன்றினால் பிழைத்துக்கொள்ளும். யானை வந்தால் கோரையைப் பற்றி நீங்கள் கவலைப்பட மாட்டீர்கள்.

ஆரஞ்சுப் பொடி, கறுப்புப் படலம்

இலையின் அடியில் சிறு கொப்புளங்கள், தேய்த்தால் விரலில் ஆரஞ்சுப் பொடி என்றால் துரு நோய். அந்த இலைகளை அடியோடு கிள்ளி எரியுங்கள், செடிகளுக்கிடையே ஓர் அடி காற்று விடுங்கள், மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். கறுப்புப் படலம் ஈரத்துணியால் துடைத்தால் போகிறதா? போனால் கோரையில் நோய் எதுவும் இல்லை, அண்ணாந்து பாருங்கள். மேலே நிற்கும் மரத்தில் அசுவினியோ செதில்பூச்சியோ இருக்கும், அதன் ஒழுகலில் படர்ந்த கரும்பூஞ்சணம் அது.

பாத்தி முழுக்கப் பரவிவிட்டது

நீங்கள் நட்டது பரவவில்லை, நடாதது பரவுகிறது. எருவோடும் வண்டல் மண்ணோடும் வந்த கோரைக்கிழங்கு அது. மலையாளத்தில் முத்தங்ங, வயநாட்டுக் காட்டில் அதே பெயரில் ஓர் ஊர்கூட உண்டு. இளசாக இருக்கும்போது அழகுக் கோரையின் கன்றுபோலவே தெரியும். மெல்லக் கெல்லி எடுங்கள். நூல் போன்ற வேர்த்தண்டில் கறுத்த சிறு கிழங்குகள் மணிமாலையாகத் தொங்கும், நறுக்கினால் மருந்துக்கடை மணம் வரும். இழுத்துப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே நின்று மறுபடி முளைக்கும். தூருக்குள்ளேயே புகுந்துவிட்டால் வேறு வழியில்லை, புரட்டாசியில் தூரைத் தூக்கி வேரைக் கழுவிக் கிழங்கை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும்.

நிறக்கோடு முக்கியமில்லை, நிழலில் பசுமையாக ஒரு கோரை இருந்தால் போதும் என்பவர்களுக்கு, நீலகிரிச் சோலை ஓரங்களில் தானே வளரும் கேரெக்ஸ் பாக்கன்ஸ் இருக்கிறது. சிவந்த மணிகள் கொத்தாகத் தொங்கும். காட்டிலிருந்து பிடுங்கிவர வேண்டாம், விதையிலிருந்து வளர்த்தவர்களிடம் கேளுங்கள்.

மலைக்குக் கீழே எதுவும் நிற்கவில்லை

நிலம்பூரில் கட்டிக்கொடுத்த என் தங்கை மூன்று முறை எவர்கோல்டு கொண்டுபோனாள். மூன்றும் ஏப்ரல் தாண்டவில்லை. நிழல் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள், வடிகாலும் சரியாகவே இருந்தது. இரவும் குளிராத புழுக்கத்தில் ஜப்பானிய மலைக்கோரை சோர்ந்து சோர்ந்து போய்விடுகிறது. அதற்கு மருந்து கிடையாது, செடியை மாற்ற வேண்டும். இப்போது அவள் கிணற்றடியில் குடைக்கோரை வைத்திருக்கிறாள். கோரைக் குடும்பத்தில் வேறு கிளை, சைப்பரஸ் பேரினம். தண்ணீர் தேங்கினாலும் முகம் சுளிக்காது.

அதில் புதுச்செடி எடுப்பது வேடிக்கையாக இருக்கும். முற்றிய தண்டு ஒன்றைக் குடைக்குக் கீழே இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். குடையின் இலைகளைப் பாதியாகக் கத்தரியுங்கள். அப்படியே தலைகீழாக, குடை தண்ணீரில் மிதக்கும்படி ஓர் அகலப் பாத்திரத்தில் போட்டு நிழலில் வையுங்கள். தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். இரண்டு மூன்று வாரத்தில் இலைகள் கூடும் இடத்திலிருந்து வெள்ளை வேரும், அதற்கு எதிர்ப்பக்கம் பச்சை முளையும் வரும். வேர் ஒரு விரல் நீளம் ஆனதும் தொட்டிக்கு மாற்றலாம்.